மேட்டு நிறுத்தத்தில் பேருந்து நிறுத்தப்பட்டது

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுத் தலைவர் என் வாக்கியம் ஒன்றைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் இது. தரிசனம், உள்ளிருந்து எழுந்த குரல் என்றெல்லாம் எதுவும் கிடையாது. அப்படி எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே கிளம்பலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

நான் நகரப் போக்குவரத்து மேம்பாட்டுக் குழுவின் குறிப்பெழுத்தர். எந்தத் தெருவுக்கு நடைபாதை, எந்தச் சந்திப்புக்கு விளக்கு, எந்தக் குடியிருப்புக்குப் பேருந்து என்று குழு கூடிப் பேசும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் மதிப்பெண் போடும். அதிக மதிப்பெண் வாங்கியதற்கு நிதி ஒதுக்கும். அவர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன். கடைசியில் குறிப்பின் அடியில் தலைவரும் நானும் கையெழுத்துப் போடுவோம். இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் நிதி நகரும். (இந்தக் கடைசி வரியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்பேன்.)

அடிபட்ட வாக்கியம் இது:

பேருந்து வராத நிறுத்தத்தில் பேருந்துக்காக யாரும் காத்திருக்கவில்லை என்று பொறியாளர் கண்டுபிடித்தார்.

அதன் தலைக்கு மேல் தலைவர் எழுதியது:

தேவை இல்லை எனக் கண்டறியப்பட்டது.

"நான் எழுதினதுல என்ன சார் தப்பு?" என்று கேட்டேன்.

"தப்புன்னு சொல்லலம்மா. படிக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே சார்."

"இது கூட்டக் குறிப்பு. கதை இல்ல."

சரி. கதை இல்லை என்றார் அல்லவா? அதனால் இதைக் கதையாக எழுதுகிறேன்.

2

தொடங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் இப்படி எழுதினேன்:

விடியற்காலை மூடுபனி அந்த மேட்டின் மேல் மெல்லப் படர்ந்து

வேண்டாம். மூடுபனி எல்லா ஊரிலும் இலவசமாகக் கிடைக்கிறது, எந்தக் குழுவும் நிதி ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டாவது தொடக்கம்:

மூன்று குழந்தைகளோடு தனித்து விடப்பட்ட அந்த இளம் விதவை, வலிக்கும் முழங்காலைப் பிடித்தபடி

இதைக் கதாபாத்திரத்தின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே அது என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்துவிட்டது. அதாவது என் நாத்தனார். என் கணவரின் தங்கை. வயது நாற்பதைத் தாண்டியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். இந்தக் கதையிலும் அதுவே அவள் பெயர்.

"அண்ணி, என் புருஷனை எதுக்குக் கொன்னீங்க?"

"ஒரு இரக்கம் வரட்டும்னுதான்."

"நல்லா குத்துக்கல்லாட்டம் இருக்காரு மனுஷன். இப்பத்தான் வாட்ச்மேன் டியூட்டி முடிச்சுட்டு வந்து குறட்டை விடறாரு. எனக்கு ஒரே பொண்ணு, அதுவும் கல்யாணமாகிப் போயாச்சு. இன்னும் ரெண்டை எங்க புடிச்சீங்க?"

"கதைன்னா கொஞ்சம் சேத்துக்கத்தான் வேணும் பாப்பா."

"முட்டி வலிக்குது, பஸ் வேணும். இதுக்கு ஏன் தாலியை அறுக்கணும்? இரக்கம் வந்தாத்தான் பஸ் விடுவாங்களா?"

அடித்துவிட்டேன். தலைவரைப் போல் சிவப்புப் பேனா அல்ல, சாதாரணப் பேனாதான். அவள் சொன்னது சரி. இரக்கம் வேண்டாம், பேருந்து வேண்டும். கதை முழுக்க இதுதான், வேறொன்றும் இல்லை.*

* நாத்தனார் என்று எழுதியதுமே அவள் கொடுமைக்காரி என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பீர்கள். எங்களுக்குள் சண்டை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. என் சமையலை அவள் வாயால் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஆனால் அது இந்தக் கதைக்கு வெளியே.

3

மேட்டுக் குடியிருப்பு ஊரின் பின்பக்கம், செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே, உச்சியில், பேருந்து டிப்போ. ஒரு காலத்தில் குடியிருப்புக்குப் பேருந்து ஓடியது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஏதோ ஒரு கூட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய குறிப்பில் ஒரே வரி: "மேட்டு நிறுத்தத்தில் பேருந்து நிறுத்தப்பட்டது."

இதை வெளியூர்க்காரர் எவராவது படித்தால் என்ன நினைப்பார்? பேருந்து வந்தது, நின்றது, கதவு திறந்தது, ஜனங்கள் ஏறினார்கள் என்றுதான் நினைப்பார். நம் மொழியின் குசும்பு அப்படி. பஸ்ஸை நிறுத்தினால் ஏறலாம். பஸ்ஸையே நிறுத்திவிட்டால் நடக்க வேண்டியதுதான். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்.

சரி, நிறுத்தியது யார்? அந்த வரியில் ஆளே இல்லை. மழை பெய்தது என்றால்கூட மழை என்று ஓர் எழுவாய் இருக்கிறது. எங்கள் குழுவில் அதுவும் கிடையாது. பரிசீலிக்கப்பட்டது, கருதப்பட்டது, ஒதுக்கப்பட்டது, கைவிடப்பட்டது. எல்லாம் தானாகவே நடக்கும், யாரும் எதையும் செய்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எழுவாய் என்ற சொல்லை முதலில் கேட்டபோது, யாரையோ எழுந்திரு என்று ஆசிரியர் அதட்டுகிறார் என்று நினைத்து எழுந்து நின்றவள் நான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எழுவாய் என்றால் எழுந்து நிற்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது பாப்பாவின் விஷயம். அரசு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து எடுத்து, இழுத்துப் பிடித்து, மடித்து அடுக்க வேண்டும். அவள் மடிக்கும் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது, அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது. அதே மருத்துவமனையின் மருத்துவர்தான் சொன்னார்: நிற்கலாம், சமதரையில் நடக்கலாம், இறக்கத்தில் மட்டும் இறங்கவே கூடாது. விடுப்பு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்த மாதம் முதல் தேதி காலை வேலையில் சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அந்த நேரத்தில் மேட்டுக்கு ஆட்டோ எதுவும் ஏறி வராது. கணவரோ அப்போது காவல் பணியில் இருப்பார். மேட்டிலிருந்து கீழே போக அவளுக்கு இருப்பது அந்த இறக்கம் ஒன்றுதான்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். டிப்போ உச்சியில் இருக்கிறது என்றேனா? தினமும் காலையில் அத்தனை பேருந்துகளும் அங்கிருந்து கிளம்பி, பாப்பாவின் வீட்டு வாசலைத் தாண்டி, மருத்துவமனையைத் தாண்டி, கீழே பேருந்து நிலையத்துக்குப் போகின்றன. காலியாக. நெற்றியில் "சேவையில் இல்லை" என்று பலகை மாட்டிக்கொண்டு.

4

முதல் கூட்டம். (இதில் வருபவர்கள் யாரும் வில்லன்கள் இல்லை. வில்லன் கிடைத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.)

பொறியாளர் இளைஞர், மரியாதைக்காரர், எனக்கு முன்னால் எப்போதும் கதவைத் திறந்துவிடுவார். அவர் எழுந்து சொன்னார்: "மேட்டு ஸ்டாப்புல எண்றதுக்கு ஆள் போட்டோம் சார். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பாத்தாங்க. பஸ்ஸுக்காக ஒருத்தர்கூட நிக்கல."

"அப்போ தற்போதைய பயன்பாட்டுக்கு சைபர்," என்றார் நிதி அலுவலர். அவர் என் வயதுப் பெண்மணி. கால்குலேட்டரைத் தட்டாமல் எதையும் சொல்ல மாட்டார், சைபரைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் சொன்னார்.

எங்கள் மதிப்பெண் முறையில் பாதி மதிப்பெண் தற்போதைய பயன்பாட்டுக்கு. எங்கே கூட்டம் இருக்கிறதோ அங்கே வசதி போகும். எங்கே வசதி இருக்கிறதோ அங்கேதான் கூட்டமும் இருக்கும். இப்படியே போய், நகர மையச் சதுக்கத்துக்குக் கண்ணாடி நிழற்குடை ஒன்று முதலிடம் பிடித்தது. அங்கே ஏற்கெனவே ஒரு நிழற்குடை இருக்கிறது. அதன் நிழலில் நிற்பவர்களை எண்ணித்தான் இன்னொன்று.

எண்ணப் போனவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் அவர்கள் கீழே திரும்பப் பேருந்து இல்லாமல், திட்டிக்கொண்டே இறக்கத்தில் நடந்துதான் போனார்கள். அவர்களையாவது அவர்கள் எண்ணியிருக்கலாம். இரண்டு மதிப்பெண் தேறியிருக்கும்.

"ஆட்சேபணை இருந்தா அடுத்த கூட்டத்துக்குள்ள ஒரு மறு எண்ணிக்கைக்கு விதி இருக்கு சார்," என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

"யாருக்குமா ஆட்சேபணை?"

"இருக்கும் சார். வந்துடும்."

தலைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறு எண்ணிக்கைக்கு அனுமதி வழங்கப்பட்டது. (பாருங்கள், எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. தலைவர் அனுமதி வழங்கினார்.)

5

பாப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஸ்டாப்புல எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு எண்ணினாங்களா?"

"ஆமா."

"பஸ் வராத ஸ்டாப்புல போய் நிக்க நாங்க என்ன கிறுக்கா?"

"கிறுக்கு இல்லைங்கறதாலதான் சைபர்."

அவள் சொன்னாள்: "அப்ப கிறுக்காயிட வேண்டியதுதான்."

மறுநாள் காலை மேட்டு நிறுத்தத்தின் துருப்பிடித்த கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த நாள் எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மாமியார். அதற்கடுத்த நாள் கல்லூரிப் பெண்கள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி, வேலைக்கு எப்படியும் நடந்தே போகப்போகிற கொத்தனார்கள். எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு வழக்கம்போல் இறங்கி நடந்து போனார்கள். மறு எண்ணிக்கைக்கு ஆள் வந்த அன்று வரிசை முக்குக் கடை வரைக்கும் போயிருந்தது.

வராத பேருந்துக்கான வரிசையில் சண்டைகூட வந்தது. "நான் அப்பவே வந்துட்டேன், பின்னால போம்மா." "பெரியவங்களுக்கு எடம் விடறதில்லையா?" "சன்னலோரம் எனக்கு, சொல்லிட்டேன்." தையல்காரரின் மாமியார் ஒருநாள் முந்தப் பார்த்தபோது பாப்பா நாற்காலியில் இருந்தபடியே சத்தம் போட்டாள்: "வரிசைன்னா வரிசைதான். பஸ்ஸு வந்தா மட்டுமா வரிசை?" யாரும் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் அது நியாயமான பேச்சாகத்தான் இருந்தது.

டிப்போவிலிருந்து ஒவ்வொரு காலி வண்டி இறங்கும்போதும் அத்தனை பேரும் கையை நீட்டினார்கள். ஓட்டுநர்கள் நேராகச் சாலையைப் பார்த்தபடி போனார்கள். சேவையில் இல்லாத வண்டியில் ஆளை ஏற்றினால் பணியிடை நீக்கம். அதற்கு விதி இருக்கிறது.

அந்த ஓட்டுநர்களில் ஒருவர் என் கணவர்.

(இதைப் படித்ததும் "ஓகோ, வசதியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நானும் மாற்றிப் பார்த்தேன். ஓட்டுநரை யாரோ ஓர் ஆளாக்கினேன். பத்தி நன்றாகத்தான் வந்தது. ஆனால் அண்ணன் ஓட்டும் வண்டி, தங்கை கை நீட்டிக்கொண்டிருக்கும் நிறுத்தத்தைத் தாண்டிப் போகிறது என்பதை எடுத்துவிட்டால் எனக்கு இதை எழுத என்ன அவசியம்? நீங்கள் நம்பாவிட்டால் போங்கள்.)

அவர் சாது. எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு ஓட்டுவார். வழியில் ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டதற்காக ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவர். இன்னொன்று வந்தால் வேலையே ஆட்டம் காணும். வண்டி தன்னைக் கடந்து போகும்போது பாப்பா மட்டும் கையை இறக்க மாட்டாள்.

"அண்ணன் இன்னைக்கும் ரோட்டையே பாத்துட்டுப் போனாரு அண்ணி," என்றாள் என்னிடம். "ஆனா ஸ்டாப்பு வந்ததும் வண்டி கொஞ்சம் மெதுவாயிடுது. கவனிச்சேன்."

6

இரண்டாம் கூட்டம். மாதக் கடைசி நாள். மறுநாள் பாப்பா வேலையில் சேர வேண்டும்.

பொறியாளர் எழுந்தார். முகம் சரியில்லை. "நிறைய பேர் நின்னாங்க சார். ஆனா வரையறைப்படி பாத்தா… குறிப்பிட்ட சேவைக்காக நிக்கிறவங்கதான் காத்திருப்போர். அங்க சேவையே இல்ல. அதனால இவங்களைக் காத்திருப்போர்னு கணக்குல எடுக்க முடியல. கூடி நின்னவங்கன்னுதான் போட முடியுது."

"கூடி நின்னவங்களுக்கு மதிப்பெண் உண்டா?" என்றார் தலைவர்.

நிதி அலுவலர் கால்குலேட்டரைத் தட்டினார். "இல்ல சார். சைபர்."

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை ஜனம் வெயிலில் நின்றதை ஒரு சொல்லை மாற்றி இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பொறியாளரும் இதைச் சந்தோஷமாகச் செய்யவில்லை, அது வேறு என்னைக் கடுப்பேற்றியது.

பொதுமக்கள் பேசலாம் என்று விதி இருக்கிறது. பாப்பா வந்திருந்தாள். தையல்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, இறக்கம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தாளாம். தினமும் காலையில் கூட்டிப்போக அவரால் முடியாதாம். மேசையைப் பிடித்து எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"ஐயா, நாங்க பஸ்ஸுக்குத்தான் நின்னோமா, வேடிக்கை பாக்க நின்னோமான்னு உங்களுக்கு சந்தேகம். அப்படித்தானே?"

"வரையறை என்னன்னா அம்மா…"

"அது ரொம்ப சுலபம் ஐயா. ஒரே ஒரு வண்டியை நிறுத்துங்க. நாங்க ஏறினா காத்திருந்தோம். ஏறலைன்னா கூடி நின்னோம். எண்ணிக்கிட்டுப் போங்க."

பொறியாளர் குனிந்துகொண்டார். அவர் சிரிப்பை அடக்கினாரா, வேறெதையோ அடக்கினாரா என்று எனக்குத் தெரியவில்லை. நிதி அலுவலர் கால்குலேட்டரை மேசைமேல் வைத்துவிட்டார்.

தலைவர் தண்ணீர் குடித்தார். "சோதனை ஓட்டத்துக்கும் நிதி ஒதுக்கீடு வேணும். அடுத்த நிதியாண்டுல பாக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்கம்மா. கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது."

நான் பேனாவை எடுத்தேன். "யார் சார்?"

"என்ன யாரு?"

"ஒத்திவைச்சது யாருன்னு எழுதணும்."

"குழு."

"குழுன்னா யார் சார்? நீங்களா, மேடமா, பொறியாளர் சாரா? பெயர்கூட வேண்டாம். 'நான்'னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

நான் எழுதினேன்: "கோரிக்கையை ஒத்திவைத்தது யார் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை." தலைவர் அதை அங்கேயே அடித்தார். அடித்த தாளை என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை.

முதலில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த வரியை இப்போது எடுங்கள். இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் நிதி நகரும். மேட்டுக்குப் பேருந்து இல்லை என்றால் சதுக்கத்துக்குக் கண்ணாடி நிழற்குடையும் இல்லை.

"உங்களுக்குப் பதிலா வேற ஆளைப் போட வேண்டியிருக்கும்," என்றார் தலைவர். மிரட்டலாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார்.

"போடுங்க சார். ஆனா அந்த உத்தரவுல 'நீக்கப்பட்டார்'னு மட்டும் எழுதாதீங்க. நீக்கினது யாருன்னு எழுதுங்க."

7

அன்று சாயங்காலம் வீட்டில் இதுவரை எழுதியதைக் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் சட்டை மாற்றாமலே, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார். எறும்பு வரும் இடத்தில் லேசாகச் சிரித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

"இதுல நான் நிறுத்தறேனா?"

"இன்னும் எழுதல."

"நான் நிறுத்தறேன்னு நீ எழுதிட்டன்னு வையி, நாளைக்கு நான் நிறுத்தினா நீ சொல்லித்தான் நிறுத்தினேன்னு ஆகும். நிறுத்தலைன்னு எழுதினா அவ மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"அப்போ என்னதான் எழுதட்டும்?"

"எழுதாத. ஸ்டியரிங் என் கைல இருக்கு. நீ உன் பேனாவைப் பாத்துக்க."

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. என் வேலையே போகிற நேரத்தில் அவர் வேலையும் போனால் என்ன செய்வது? அதே சமயம் அவர் நிறுத்தாமல் போய்விட்டால், அந்த மனிதரோடு அதே மேசையில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே மனதில்தான் நினைத்தேன்.

கை கழுவப் போனவர் திரும்பி வந்தார்.

"பாப்பா எங்க நிக்கறா? கம்பத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. நாற்காலி போட்டு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்," என்றார்.

8

கணவர் எழுதாதே என்றார். கேட்கிற ஆளா நான்? மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: குழு மனம் மாறுகிறது. நிதி ஒதுக்கப்பட்டது, நிறுத்தம் புதுப்பிக்கப்பட்டது, ரிப்பன் வெட்டப்பட்டது. மூன்றாவது வரியிலேயே அந்தப் பாழாய்ப்போன "பட்டது" வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: வண்டி வருகிறது, மெதுவாகிறது, போய்விடுகிறது. பாப்பா நாற்காலியில் மெல்ல அமர்கிறாள், அவள் கை மட்டும் இன்னும் காற்றில்… இதற்கு விருது கிடைக்கும். இலக்கியக் கூட்டத்தில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பாப்பாவுக்கு என்ன கிடைக்கும்? அவள் படித்தால், "என்னை அழவைக்கத்தான் இத்தனை பக்கமா அண்ணி?" என்பாள். நியாயம்தானே.

மூன்றாவது முடிவு: அவர் நிறுத்துகிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். மாலையில் மெமோ வருகிறது. நான் அதைச் சட்டம் போட்டுச் சுவரில்

இல்லை. இது அவர் தோளில் எல்லாவற்றையும் தூக்கி வைப்பது. ஒரு குழு, ஒரு மதிப்பெண் முறை, ஒரு வரையறை, நகரமே சேர்ந்து செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, ஓர் ஓட்டுநர் வீரனாக வேண்டும் என்று கேட்பது அயோக்கியத்தனம். கேட்கத்தான் தோன்றுகிறது என்பது வேறு விஷயம்.

9

முதல் தேதி. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போடாத குறிப்பு என் பையில் இருந்தது. முக்குக் கடை வரைக்கும் வரிசை. நான் நேராகப் பாப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"வரிசையில வாங்க அண்ணி," என்றாள்.

கடைசிக்குப் போய் நின்றேன். என்ன செய்வது?

அங்கே எனக்கு முன்னால் பொறியாளர் நின்றுகொண்டிருந்தார். கையில் எண்ணும் கருவி எதுவும் இல்லை. என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு தலையை ஆட்டினார். "நான் எண்ண வரல மேடம்," என்றார். "நிக்க வந்தேன்." ஒதுங்கி, தனக்கு முன்னால் எனக்கு இடம் கொடுக்கப் பார்த்தார். "வரிசைன்னா வரிசைதான் சார்," என்றேன்.

டிப்போ வளைவில் முதல் வண்டி திரும்பியது. நெற்றியில் பலகை: சேவையில் இல்லை. ஓட்டுபவர் யார் என்று அவ்வளவு தூரத்திலேயே எனக்குத் தெரியும்.

பாப்பா கம்பத்தைப் பிடித்து எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கை ஊன்றி, முழு உயரத்துக்கு எழுந்தாள். அவள் மடித்து வைத்த சீருடை கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அவள் கையை நீட்டவில்லை. நடைபாதையிலிருந்து ஒரு காலை எடுத்துத் தார்ச்சாலையில் வைத்தாள். பிறகு அடுத்த காலை. தையல்காரர் அவளுக்குப் பக்கத்தில் இறங்கினார். அவர் மாமியார் இறங்கினார். வரிசை கலையாமல், வரிசையாகவே, எல்லோரும் இறங்கினார்கள். பொறியாளர் என்னைப் பார்த்தார். நாங்களும் இறங்கினோம்.

இங்கே நான் எழுதுவதை விடுகிறேன். முடிவு தெரியாமல் இல்லை. நான் அங்கே நின்றவள், எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதினால் அது நடந்து முடிந்த விஷயமாகிவிடும். நடந்து முடிந்த எதற்கும் குழு ஒரு "பட்டது" போட்டுக் கோப்பில் கட்டிவிடும். அந்தச் சுகத்தை அவர்களுக்குக் கொடுக்க மாட்டேன். உங்களுக்கும்தான்.

ஒன்று மட்டும் செய்கிறேன். கடைசி வாக்கியத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிறேன். வாலை நீங்கள் ஒட்டுங்கள். நிறுத்தினார் என்று ஒட்டினால் என் கணவர். நிறுத்தினாள் என்றால் பாப்பா. நிறுத்தினார்கள் என்றால் மேட்டு ஜனம். நிறுத்தினேன், நிறுத்தினோம் என்று ஒட்ட உங்களுக்குத் துணிவிருந்தால், வாருங்கள், வரிசையின் கடைசியில் இடம் இருக்கிறது. "ப்பட்டது" என்பதையும் வேண்டுமானால் ஒட்டிப் பாருங்கள். நான் விட்டிருக்கும் இடத்தில் அது ஒட்டாது. பார்த்துத்தான் விட்டிருக்கிறேன்.

முதல் தேதி காலை, மேட்டு நிறுத்தத்தில், பேருந்தை நிறுத்தின